என் சாவைத் திருத்தாதே

சங்கரம்மாள் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறும்போது நாலு ஆறுதல் வார்த்தைகளை மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தாள். எம்.ரெட்டியபட்டியில் இறங்கி, பருத்திக் காட்டு ஓரமாகவே நடந்து, கோட்டைச்சாமி வீட்டுக்குள் நுழைவதற்குள் அதில் இரண்டு மறந்துபோயின. மிச்சம் இரண்டைச் சொல்லச் சந்தனம்மாள் விடவில்லை.

"சரியாப் போயிரும்னு சொல்ல வந்திருந்தீன்னா, பன்னெண்டரைக்கு ஒரு பஸ்ஸு இருக்கு. அதுல ஏறிப் போயிரு" என்றாள், கட்டிலில் கிடந்தபடியே.

எழுபத்திரண்டாம் வருஷத்துக் கார்த்திகை மாதம் அது. சந்தனம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டில் புருஷனைப் பறிகொடுத்தவள். மூலையில் உட்காரச் சொன்னவர்களை முறைத்துவிட்டு டீச்சர் டிரெயினிங் படித்து, திருச்சுழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அப்படியே கதை எழுதவும் ஆரம்பித்துவிட்டாள். சங்கரம்மாள் அவளைவிட எட்டு வயது இளையவள். அருப்புக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருந்த பால்சாமியின் மனைவி. அவளும் கதை எழுதுகிறவள்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கரம்மாளின் முதல் கதை அச்சில் வந்தபோது அவளுக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. 'கம்புக்கு அந்த மாதத்தில் களை எடுக்க மாட்டார்கள். தெரியாவிட்டால் கேட்டு எழுதவும். மற்றபடி நன்று' என்று ஒரு போஸ்ட் கார்டு. எழுதியது சந்தனம்மாள். அழுதுகொண்டே சங்கரம்மாள் பதில் போட்டாள். அப்படித்தான் பழக்கம்.

இப்போது அந்த அக்கா எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். மார்பில் வந்த கட்டியை மதுரையில் அறுத்து எடுத்தார்கள். ஒரு வருஷம் தாங்கியது. அப்புறம் முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது. 'இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று டாக்டர் சொல்லிவிட, தம்பி கோட்டைச்சாமி தன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

"உக்காரு. நான் இதுவரைக்கும் எத்தனை பேரைக் கொன்னிருக்கேன், தெரியுமா?" என்று கேட்டாள் சந்தனம்மாள்.

சங்கரம்மாள் திகைத்தாள்.

"கதையிலடி. பதினாலு பேரு. நேத்துத் தூக்கம் வராம எண்ணிப் பாத்தேன். கிணத்துல விழுந்தவுக, பாம்பு கடிச்சவுக, பிள்ளை பெறப் போய்ச் செத்தவுக. நீ எத்தனை?"

"ஒரு எட்டு ஒம்போது இருக்கும்க்கா."

"அதுல அந்த ஆத்தா கதை ஒண்ணு. 'வெளக்கை அமத்தாதீக, எம் மகன் வருவான்'னு சொல்லிட்டு உசுரை விடுவாளே. ஊரெல்லாம் பாராட்டி லெட்டர் போட்டாகளே."

"ஆமா."

"அம்புட்டும் பொய். என் கதையும் பொய்தான். செத்துக்கிட்டு இருக்கிறவளுக்கு வாய் நெறைய புண்ணு. மூணு நாளா வெளிய போகல. கால்ல ஈ உக்காந்தா ஓட்டத் தெம்பு இல்ல. இதுல எங்குட்டுடி வசனம் பேசுறது? சாவைப் பத்தி எழுதுனவுக எல்லாம் அப்பச் சாகாதவுக. செத்தவுக வந்து எழுதப் போறதில்ல. நடுவுல நிக்கிறது நான் ஒருத்தி. நான் எழுதணும்."

"எழுதுங்கக்கா."

சந்தனம்மாள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். அது காற்றில் ஆடும் கருவேலங்கிளை மாதிரி ஆடியது. "நீ எழுதணும். நான் சொல்லச் சொல்ல."

 மாட்டேன் என்று சொல்லத்தான் சங்கரம்மாள் வாயைத் திறந்தாள். ஆனால் கட்டிலில் கிடந்தவள் அதற்குள், "நாங் கெஞ்ச மாட்டேன். ஒரு தடவைதான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை வியாழக்கிழமை வருவதாகச் சங்கரம்மாள் ஒப்புக்கொண்டாள்.

கோட்டைச்சாமிக்கு இது பிடிக்கவே இல்லை. வாசலில் மண்வெட்டியைச் சாத்திவிட்டு நின்றவன், "வீட்டுக்குள்ள நடக்குறதைப் பத்திரிகையில போட்டா ஊரு என்னக்கா சொல்லும்? எழுதிக்கிட்டே கெடந்தா எமனைக் கூப்பிடுற மாதிரி ஆகாதா?" என்றான்.

"அவன் கெளம்பி வந்துக்கிட்டுத்தான்ல இருக்கான். நாங் கூப்பிட்டா என்ன, கூப்பிடாட்டி என்ன?"

 அவன் மனைவி மாயக்காள் நாத்தனாருக்குத் தலையணையை உயர்த்தி வைத்து, சங்கரம்மாளுக்கு உட்கார ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் சேர்த்து வைத்திருந்த பருத்தியைத் தூசி தட்டிக் குவித்துக்கொண்டே, சொல்லப்படுவது ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சங்கரம்மாள் எழுதியதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தமாகப் பிரதி எடுத்து, மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பினாள். ஆசிரியரிடமிருந்து பத்து நாளில் பதில் வந்தது. எழுத்து அருமை, ஆனால் கசப்பு அதிகம், வாசகர்களுக்கு நம்பிக்கை தருவதாகக் கடைசியில் ஏதாவது சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

சந்தனம்மாள் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் பதில் சொன்னாள். 'ஐயா, கடைசி இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை. வந்ததும் எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்பச் சொல்கிறேன். நம்பிக்கை வேண்டுமென்றால் உங்கள் பத்திரிகையின் பின்னட்டையில் இருக்கிற லேகிய விளம்பரத்தில் நிறைய இருக்கிறது.'

ஆசிரியர் நல்ல மனுஷன். மார்கழி இதழில் ஒரு எழுத்து மாற்றாமல் போட்டுவிட்டார்.

இரண்டாவது பகுதி தை மாதம் வந்தது. அதில் ஒரு இடத்தில், தம்பி தினமும் காலையில் தன்னைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போவதையும், அப்போது அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதையும் சந்தனம்மாள் சொல்லியிருந்தாள். டீக்கடையில் யாரோ அந்தப் பக்கத்தை எடுத்துக் கோட்டைச்சாமி கையில் கொடுத்துவிட்டார்கள். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்தில் நின்றான்.

"நான் மூஞ்சியைத் திருப்பிக்கிறது உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"நாத்தத்துக்கு இல்லக்கா."

"அதுவுந் தெரியும்ல. அடுத்த வரியிலயே சொல்லியிருக்கேனே, வாசிக்கலையா?"

அவன் வாசித்திருக்கவில்லை. அதற்கு முன்பே கண்ணீர் மறைத்துவிட்டது. அன்றிலிருந்து அக்கா சொல்லி எழுதுவதை அவன் குறை சொல்லவில்லை. வியாழக்கிழமைகளில் பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டுப் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தான்.

மூன்றாவது பகுதியில்தான் வினை வந்தது.

சந்தனம்மாள் சொன்னது இது: 'சாகும்போது மனசு விரிந்து எல்லோரையும் மன்னித்துவிடும் என்கிறார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. சோறு பிசைந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. அடுத்த வருஷ மழையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்.' சங்கரம்மாள் சொன்னபடிதான் எழுதினாள். வீட்டில் உட்கார்ந்து பிரதி எடுக்கும்போது கை நின்றது. இந்த அக்காவை ஊர் இப்படியா நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்? 'பொறாமை'யை 'ஏக்கம்' ஆக்கினாள். 'கோபம்' என்ற இடத்தில் 'பிரியம்' என்று போட்டாள். தபாலில் சேர்த்துவிட்டாள்.

மாசி இதழை அவளே எடுத்துக்கொண்டு போனாள். சந்தனம்மாள் அன்று கொஞ்சம் தெளிவாக இருந்ததால் தானே வாசிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். மாயக்காள் பிடித்துக்கொள்ள, வரி வரியாக வாசித்தவள் ஒரு இடத்தில் நின்றாள். திரும்ப வாசித்தாள்.

"இது யாரு?"

சங்கரம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டே வார்த்தைதான்க்கா. உங்களைத் தப்பா நெனைச்சிரக் கூடாதுன்னு..."

"அந்த ரெண்டு வார்த்தைதான்டி நானு! மிச்சத்தை யாரு வேணும்னாலும் எழுதுவாக. பொறாமைன்னு சொல்ல எனக்கு எத்தனை நாளாச்சு தெரியுமா? புருஷன் செத்தப்ப நல்லவளா இருன்னாக. டீச்சரா நல்லவளா இருன்னாக. சாகுறப்பவாவது நான் நானா இருக்கக் கூடாதா? என் சாவைத் திருத்த நீ யாரு?"

சத்தம் போட்டதில் இருமல் வந்து மூச்சுத் திணறியது. மாயக்காள் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். சங்கரம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வியாழக்கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்த வியாழனும் போகவில்லை. பால்சாமிதான் சாப்பிடும்போது கேட்டான்.

"என்ன, டீச்சரம்மாவைப் பாக்கப் போகலையா?"

"வஞ்சுட்டாக."

"நீ செஞ்சது சரியா, தப்பா?"

"தப்புதான்."

"அப்பப் போயி ஒத்துக்கிட்டு வா. அவுகளுக்கு உங்கூடக் கோவிச்சுக்கிட்டுக் கெடக்க நேரம் இருக்கா?"

மறுநாளே அவள் போனாள். கிழமை கூட வியாழன் இல்லை. கோட்டைச்சாமி ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தான். "தெனமும் வந்து நிக்கேன்க்கா" என்று மட்டும் சொன்னான்.

சந்தனம்மாள் இன்னும் சுருங்கியிருந்தாள். கண் மட்டும் அப்படியே இருந்தது.

"அக்கா, நீங்க போயிருவீகன்னு என்னால எழுத முடியல. அதான் அந்த வார்த்தைகளை மாத்துனேன். உங்களுக்காக இல்ல. எனக்காகத்தான் மாத்துனேன்."

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா நாம் வஞ்சிருக்க மாட்டேன்" என்றாள் சந்தனம்மாள். "தாளை எடு. நடந்ததை எல்லாம் போடு. போன மாசம் ரெண்டு வார்த்தையைச் சிநேகிதி மாத்திட்டா, சரியான வார்த்தை இதுதான்னு போடு. ஏன் மாத்துனான்னும் போடு."

சங்கரம்மாள் எழுதினாள். தன்னுடைய தவறைத் தன் கையாலேயே எழுதியபோது அவளுக்கு வெட்கமாக இல்லை. சொல்லப்போனால் நாலு மாதமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இளகியது.

எழுதி முடித்ததும் சந்தனம்மாள், "ஒரு காரியம் பண்ணுவோம். இன்னைக்கே சொல்லிக்கிருவோம்" என்றாள்.

"எதைக்கா?"

"போயிட்டு வாரேன்னு சொல்றது. கடைசி நாள்ல வீடு நெறைய ஆளு இருக்கும், எனக்கு நெனப்பு இருக்காது, நீ வந்து சேர்றதுக்குள்ள வாயும் கட்டிப் போகும். புத்தி தெளிவா இருக்கிறப்பச் சொல்லிக்கிருவோம். ஆனா 'போயிட்டு வாரேன்'னு நாஞ் சொல்ல மாட்டேன். எங்க வாரது? போறேன். போறேன் சங்கரம்மா."

அந்த ஊர்ப் பக்கம் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர்கள் வாயைப் பொத்துவார்கள். மாயக்காள் கூடப் பருத்தியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.  இந்தத் தடவை சங்கரம்மாள் எதையும் மாற்றவில்லை.

"போங்கக்கா" என்றாள்.

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். ஒரு வழியாகச் சங்கரம்மாள் எழுந்துபோய்ப் பஸ் ஏறினாள்.

வியாழக்கிழமை திரும்பப் போனபோது சந்தனம்மாள் கட்டிலில் சாய்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "விடையும் வாங்கிக்கிட்டு வெக்கங்கெட்டுப் போயி இன்னும் உக்காந்திருக்கேன் பாரு" என்று சந்தனம்மாள் சொல்ல, அவள் முதுகு வலியையும் மீறி இரண்டு பேரும் சிரித்தார்கள். கூழ் சிந்தியது.

பங்குனி பிறந்ததும் அவள் நிலைமை மோசமானது. நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. சொந்தக்காரர்கள் வந்து குவிந்தார்கள். கோட்டைச்சாமிக்குப் பெரியப்பா முறையான இருளப்பசாமி, ஊரில் பெரிய தலைக்கட்டு, நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "இழுத்துக்கிட்டுக் கெடக்குது. மண்ணாசை போகல போல. காட்டுல இருந்து கொஞ்சம் மண்ணை எடுத்துக் கரைச்சு ஊத்துங்கப்பா, அடங்கிரும்" என்றார்.

எல்லோரும் மயக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"எந்த மண்ணைக் கரைப்பீக பெரியப்பா? எம் பேருல ஒரு குழி நெலங் கெடையாது. பொண்ணுக்கு எதுக்கு நெலம்னு சொன்னது நீங்கதான?"

இருளப்பசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆசை இருக்கத்தான் செய்யுது. இந்த மாசப் பத்திரிகையைப் பாக்கணும். பாத்துட்டுப் போறேன். யாரும் தண்ணி கிண்ணி ஊத்த வேண்டாம்."

பங்குனி இதழ் இரண்டு நாளில் வந்தது. சரியான வார்த்தைகள் இரண்டும் அதில் இருந்தன. சங்கரம்மாள் அந்த இடத்தை மூன்று முறை வாசித்துக் காட்டினாள். சந்தனம்மாள் கண்ணை மூடியபடியே கேட்டுவிட்டு, கடைசியாக ஒரு பத்தி சொன்னாள். பாதியில் நின்றுவிட்டது. "இதுக்கு மேல நீதான். பாத்ததை எழுது. பாக்காததை எழுதாத" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முற்பகலில் அவள் இறந்துபோனாள். பஸ் கண்டக்டர் ஒருவர் இரும்புக்கடையில் தகவல் சொல்லிவிட்டுப் போனார். சங்கரம்மாள் போய் இறங்கியபோது ஒப்பாரி ஓய்ந்து, பாடை கட்டி முடித்திருந்தார்கள். வெயில் சாயத் தொடங்கியதும் தூக்கினார்கள்.

ஊர்க் கடைசியில் ஒரு கல் இருக்கிறது. பெண்கள் அதுவரைக்கும்தான் வரலாம். அங்கே நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டுத் திரும்பி, குளித்து வீட்டைக் கழுவ வேண்டும். அந்தக் கல் அருகே வந்ததும் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். சங்கரம்மாள் நிற்கவில்லை. பாடைக்குப் பின்னால், ஆண்களோடு ஆணாக, ஓடைப் பாதையில் இறங்கி நடந்தாள்.

நாலு எட்டு வைத்ததும் இருளப்பசாமி பார்த்துவிட்டார். "ஏ தாயி! அங்க நில்லு! பொம்பள சுடுகாட்டுக்கு வரக் கூடாது."

பாடை நின்றது. பறையும் நின்றுபோனது. அத்தனை முகங்களும் திரும்பின. அருப்புக்கோட்டையில் கடை வைத்திருக்கிறவர் வீட்டுப் பெண், வேற்று ஊர், வேற்று ஆள். சங்கரம்மாள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"அவுக எழுதச் சொன்னது பாதியில நிக்குதுய்யா. பாக்காம எழுதக் கூடாதுன்னு சொல்லியிருக்காக. நான் பாக்கணும்."

"ஆம்பளைக வந்து சொல்றோம், கேட்டு எழுதிக்க."

"இத்தனை நாளும் எல்லாத்தையும் அப்படித்தான்யா எழுதியிருக்கோம். இதை அப்படி எழுத மாட்டேன்."

"ஒங்க வீட்டு ஆம்பள இதுக்கு ஒத்துக்கிட்டாரா?"

"அவரு கடையில இருக்காரு. இது அவருக்கும் எனக்கும் நடுவுல உள்ள சங்கதி இல்ல. எனக்கும் இந்தா போறாகளே, இவுகளுக்கும் உள்ளது."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஒருவன், 'தீட்டு', 'ஊருக்கு மழை பெய்யாது' என்று ஏதோ கத்தினான். அப்போது கல்லுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்களிலிருந்து ஒருத்தி பிரிந்து வந்தாள். மாயக்காள்.  சங்கரம்மாளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

கொள்ளிச்சட்டியைப் பிடித்தபடி முன்னால் நின்ற கோட்டைச்சாமி திரும்பினான். பெரியப்பாவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். 

"பெரியப்பா, மழையெல்லாம் போன வருசமே பெய்யல. அப்ப யாரு சுடுகாட்டுக்குப் போனா? வரட்டும்" என்றான். பிறகு முன்னால் திரும்பி நடக்க ஆரம்பித்தான். பாடை அவன் பின்னால் போனது.

ஓடைக்கு அப்பால் கருவேல மரங்களுக்கு நடுவே காய்ந்த சாண எருவாட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். சங்கரம்மாள் இமை கொட்டாமல் பார்த்தாள். முகத்தின்மேல் கடைசி எருவாட்டி வைக்கப்பட்டதைப் பார்த்தாள். இருளப்பசாமி பிடிவாதமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதையும், அதன் பிறகு யாருக்கும் தெரியாமல் மூக்கைச் சிந்தியதையும் பார்த்தாள். சட்டியில் நெருப்பு அணைந்திருந்தது. சூடத்தைப் பற்றவைக்கக் கோட்டைச்சாமி குச்சி கிழித்தான். கை நடுக்கத்தில் முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது அணைந்தது. மூன்றாவதுதான் பற்றியது. புகை அவள் பக்கம் வீசியபோதும் அவள் முகத்தைத் திருப்பவில்லை. மாயக்காளின் கை அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

திரும்பும்போது ஆண்கள் எல்லோரும் ஊர்ப் பொதுக் கிணற்றுக்குக் குளிக்கப் போனார்கள். பெண்கள் இரண்டு பேர் எங்கே குளிப்பது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. கோட்டைச்சாமி தன் தோட்டத்துக்கு நடந்து மோட்டாரை ஓடவிட்டான். வாய்க்காலில் விழுந்த தண்ணீரில் சேலையோடு தலை முழுகினார்கள். தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது.

மாற்றுச்சேலை உடுத்திக்கொண்டு, தலைமுடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, சங்கரம்மாள் பருத்திக் குவியல் பக்கத்தில் பலகையைப் போட்டு எழுத உட்கார்ந்தாள். கோட்டைச்சாமி வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தான்.

"அக்கா, குச்சி மூணாவதுலதான் பத்துச்சுன்னு போட்டுராதீக. ஆம்பள கை நடுங்குச்சுன்னு சிரிப்பாக."

"போடத்தான் செய்வேன், தம்பி."

 மாயக்காள் இருட்டும் முன்னே அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி. போடுங்க" என்றான்.

சித்திரை இதழில் அது வந்தது. பாதி பேர் திட்டிக் கடிதம் போட்டார்கள். ஒருவர் சந்தாவை நிறுத்திவிட்டார். காரியாபட்டியிலிருந்து ஒரு பெண், தன் தாயாரைத் தான் பார்க்கவிடாமல் எரித்ததைப் பற்றி எட்டுப் பக்கத்துக்கு எழுதியிருந்தாள். இரும்புக்கடைக்கு வந்தவர்கள் பால்சாமியிடம் ஜாடையாகக் கேட்டார்கள். "எம் பொண்டாட்டி சுடுகாட்டுக்குத்தானய்யா போனா, உம்ம வீட்டுக்கா வந்தா? ஆணி எத்தனை கிலோ?" என்று அவன் வியாபாரத்தைப் பார்த்தான்.

எம்.ரெட்டியபட்டியில் அதற்கப்புறமும் பெண்கள் அந்தக் கல்லோடு நின்றுகொண்டுதான் இருந்தார்கள். மாயக்காள் மட்டும் யார் செத்தாலும் போனாள். அவளை யாரும் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை.